இ20 பெட்ரோல் போட்ட பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

மைலேஜ் குறைந்தாலும், பிக்கப் போனாலும், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடித்தாலும் இப்போது பழியெல்லாம் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கும் (அதுதான் இ20) எத்தனால் மேலேயே விழுகிறது. அதில் பாதி நியாயம்தான். மீதிப் பாதி, அடைத்துக் கிடக்கும் ஏர் ஃபில்டரும் காற்று இறங்கிய டயரும் செய்யும் வேலை. எது எதனுடைய வேலை என்று பிரித்துப் பார்க்காமல் கார்ப்பரேட்டரைக் கழற்றினால் நேரமும் காசும்தான் போகும். கீழே உள்ளது முக்கியமாக இருசக்கர வண்டிகளுக்கு. காருக்கு மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

ஸ்பேனரை எடுக்கும் முன் கொஞ்சம் கணக்கு

ஒரு லிட்டர் சுத்தமான பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21தான். 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 30 மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6 முதல் 7 சதவீதம் குறைவு. இ10 (10 சதவீதம் கலந்த) பெட்ரோலோடு ஒப்பிட்டால் 3.5 சதவீத அளவு குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும் இதை ஒட்டித்தான் சொல்கிறது: இ0வுக்கு (கலப்பில்லாத பெட்ரோலுக்கு) வடிவமைத்து இ10க்கு டியூன் செய்த கார்களில் 6–7 சதவீதம், இருசக்கர வண்டிகளில் 3–4 சதவீதம், இ10க்கு வடிவமைத்து இ20க்கு டியூன் செய்த கார்களில் 1–2 சதவீதம். மைலேஜில் எத்தனாலின் பங்கு இவ்வளவுதான். 60 கொடுத்த வண்டி 57 கொடுத்தால் அது எரிபொருளின் குணம். 60 கொடுத்தது 48 கொடுத்தால் வண்டியில் வேறு ஏதோ கெட்டிருக்கிறது.

இழுவை விஷயம் வேறு. ஒரு கிலோ காற்றை முழுசாகப் பயன்படுத்தி எரிக்க 14.7இல் ஒரு பங்கு பெட்ரோல் வேண்டும். எத்தனால் என்றால் 9இல் ஒரு பங்கு வேண்டும். இரண்டிலும் அந்த ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் கிட்டத்தட்ட சமம், 2.9 மெகாஜூல் அளவு. இன்ஜின் ஒரு சுற்றில் இழுக்கக்கூடிய காற்று மாறுவதில்லை. ஆகவே கலவை சரியாக இருந்தால் இ20 போட்டதால் மட்டும் சக்தி குறையக் கூடாது. குறைந்தால் அர்த்தம் ஒன்றுதான்: எரிபொருள் போதாமல் கலவை லீன் ஆகிவிட்டது. மைலேஜ் இழப்பில் ஒரு பங்கைத் திருப்பவே முடியாது. இழுவை இழப்பைப் பெரும்பாலும் திருப்பிவிடலாம். கீழே சொல்வதெல்லாம் இந்த வேறுபாட்டை ஒட்டித்தான்.

அடுத்து, உங்கள் வண்டி எந்த ரகம் என்று பாருங்கள். 2020 ஏப்ரலுக்கு முன் வந்த பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை கார்ப்பரேட்டர் வண்டிகள். பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு ஆக்ஸிஜன் சென்சாருடன் கூடிய எஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வந்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் வந்தவற்றின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20ஐத் தாங்கும். 2025 ஏப்ரல் முதல் வந்தவை இ20க்கே டியூன் செய்யப்பட்டவை. டேங்க் மூடி அருகே ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள், கையேட்டையும் பாருங்கள். பங்க்கில் கலப்பு குறைந்த சாதாரண பெட்ரோலைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. அந்தத் தேர்வு வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. இருக்கிற பெட்ரோலுக்கு வண்டியைச் சரிசெய்வதுதான் மிச்சமுள்ள வழி.

அறிகுறி: மைலேஜ் குறைந்துவிட்டது

முதலில் குறைந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மீட்டரில் தெரியும் மைலேஜ் எண்ணை நம்ப வேண்டாம். எஃப்ஐ வண்டிகளில் அது பெரும்பாலும் இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்துப் போடும் கணக்கு. கலவை மாறினால் அதுவும் தடம் மாறும்.

சரியான முறை டேங்க் டு டேங்க். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நாசில் முதல்முறை தானாக ‘டக்’ என்று நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் வட்டத் தொகைக்காகச் சேர்த்து ஊற்ற விடாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 200 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டி அதே மாதிரி மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை நிரம்பிய லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று முறை எடுத்த சராசரிதான் மைலேஜ். “200 ரூபாய்க்கு அடித்தேன், இரண்டு நாள்கூட வரவில்லை” என்பதெல்லாம் கணக்கில் சேராது.

அளவில் சந்தேகம் இருந்தால் பங்க்கிலேயே கேட்கலாம். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருப்பது அனுமதிக்கப்பட்டது. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையையும் கேட்கலாம். ஆனால் அது கறை விடும் மண்ணெண்ணெய், டீசல் போன்ற கலப்படத்தை மட்டும்தான் காட்டும். எத்தனாலையும் தண்ணீரையும் அதில் கண்டுபிடிக்க முடியாது.

இழப்பு 7 சதவீதத்துக்குள் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் காசு செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குங்கள்:

டயர் காற்று. வண்டி குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் சொன்ன அளவுக்கு. பின் டயரில் 5, 6 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் அதுவே எத்தனால் அளவுக்கு மைலேஜைச் சாப்பிடும்.

பிரேக் பிடிப்பு. சென்டர் ஸ்டாண்டில், நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். இரண்டு மூன்று சுற்றாவது தடையில்லாமல் சுற்ற வேண்டும். உரசிக்கொண்டு நின்றால் பிரேக் ராடைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் ட்ரம்மைத் திறந்து தூசி தட்டுங்கள்.

செயின். நடுவில் விரலால் தூக்கினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். இறுக்கமான செயின் மைலேஜையும் சாப்பிடும், கியர்பாக்ஸ் பேரிங்கையும் சாப்பிடும்.

அப்புறம்தான் ஏர் ஃபில்டர், பிளக், டேப்பட் (வால்வு இடைவெளி), கிளட்ச் ஸ்லிப். கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்க நான்காவது கியரில் 35, 40 வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திருகுங்கள். ஆர்பிஎம் எகிறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் பிளேட் முடிந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் 10 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்றால், பெரும்பாலும் அடுத்த அறிகுறியும் கூடவே இருக்கும்.

அறிகுறி: பிக்கப் இல்லை, ஏற்றத்தில் இழுக்கவில்லை (கார்ப்பரேட்டர் வண்டி)

கார்ப்பரேட்டருக்கு மூளை கிடையாது. ஜெட்டில் எவ்வளவு துளையோ அவ்வளவு எரிபொருள் போகும், அது பெட்ரோலா எத்தனாலா என்று அதற்குத் தெரியாது. இ10க்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 14.1 அளவு, இ20க்கு 13.5 அளவு. அதே ஜெட்டில் இ20 ஓடினால் கலவை சுமார் 4 சதவீதம் லீன் ஆகிறது. கம்பெனி கொஞ்சம் ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) வைத்து அனுப்பிய வண்டி இதைக் கண்டுகொள்ளாமல் ஓடிவிடும். புகை விதிகளுக்காக ஏற்கெனவே விளிம்பில் லீனாக வைத்த பிஎஸ்4 வண்டிகள்தான் திணறும்.

சோக் சோதனை. வண்டி நன்றாகச் சூடான பிறகு, இழுக்கவில்லை என்று தோன்றும் அதே ஏற்றத்தில், அதே கியரில், சோக்கைக் கால்வாசி அல்லது அரைவாசி போடுங்கள். இழுவை கூடினால் லீன் உறுதி. இன்னும் மோசமானால் கோளாறு வேறு இடத்தில்: ரிச் கலவை, அடைத்த ஏர் ஃபில்டர், பலவீனமான பிளக்.

பிளக் சோதனை. முக்கால் ஆக்ஸிலரேட்டரில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, உடனே இன்ஜினை அணைத்து ஓரங்கட்டுங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பீங்கான் முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக, ஓரத்தில் பளபளப்போடு இருந்தால் லீன். கருப்புக் கரி படிந்திருந்தால் ரிச். எத்தனால் கலந்த பெட்ரோலில் பிளக் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும், அதனால் நிறத்தை மட்டும் நம்பி ஜெட்டை மாற்றிவிடாதீர்கள். சோக் சோதனையும் ஒத்துப்போக வேண்டும்.

லீன் என்று உறுதியானால், ஜெட்டை மாற்றும் முன் அது சுத்தமாக இருக்கிறதா பார்க்க வேண்டும். எத்தனால் நல்ல கரைப்பான். வருஷக்கணக்கில் டேங்க்கிலும் டியூபிலும் படிந்த பிசினை முதல் சில டேங்க்கிலேயே கரைத்துக் கிளப்பி, நேராக ஜெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். டேங்க்கிலிருந்து பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கை மூடி, கார்ப்பரேட்டர் அடியில் உள்ள ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் பழுப்பாகப் பிசுபிசுப்பு இருந்தால் பழைய பிசின். துரு நிறத்தில் பொடி என்றால் டேங்க் துருப்பிடிக்கிறது. கிண்ணத்தின் உலோகத்தில் வெள்ளைப் பொடி பூத்து, பித்தளை ஜெட்டின் தலையில் பச்சைப் படிவு இருந்தால் எத்தனாலோடு தண்ணீரும் சேர்ந்து உள்ளே தங்கியிருந்திருக்கிறது. அப்படியென்றால் கீழே மழைப் பகுதியையும் படியுங்கள்.

மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் இரண்டையும் கழற்றி கார்ப் கிளீனர் அடித்து, காற்றழுத்தத்தில் ஊதுங்கள். கம்பி, ஊசி விடாதீர்கள். பித்தளை மெத்தென்றது; துளை அரை நூல் அகண்டாலும் மைலேஜ் போய்விடும், ஜெட் எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது. ஸ்லோ ஜெட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் இன்சுலேட்டரை வளைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அங்கே காற்று புகுந்து கலவையை லீன் ஆக்கும். வண்டி ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல்) ஓடும்போது சோப்புத் தண்ணீரை அதன் மேல் தெளித்தால், கசிவு இருக்கும் இடத்தில் ஆர்பிஎம் சட்டென்று மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ தெளிக்கிறார்கள். சூடான இன்ஜின் மேல் அது தீ விபத்து.

அடுத்து மிக்ஸ்சர் ஸ்க்ரூ. இதில் இரண்டு வகை உண்டு. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ: உள்ளே திருகினால் ரிச். இன்ஜின் பக்கம் இருந்தால் எரிபொருள் ஸ்க்ரூ: வெளியே திருகினால் ரிச். முதலில் இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, மெதுவாக முழுசாக மூடித் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அழுத்தி மூடினால் முனை கெட்டுவிடும். இன்ஜின் சூடாக, ஐடில் 1400 ஆர்பிஎம் அளவில் ஓட, கால் சுற்று கால் சுற்றாக ரிச் பக்கம் நகர்த்துங்கள். ஆர்பிஎம் உயர்ந்து ஓர் இடத்தில் நிலைக்கும், அதுதான் இடம். பிறகு ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்து 1400க்குக் கொண்டுவாருங்கள். ஐடில் ஏறி இறங்குவது, ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிப்பது இரண்டும் இதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அரை ஆக்ஸிலரேட்டரில் மட்டும் திணறல் என்றால் நீடில் (மெயின் ஜெட்டின் மேல் ஏறி இறங்கும் ஊசி). கிளிப் பள்ளம் உள்ள நீடிலில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள்; நீடில் உயரும், கலவை ரிச் ஆகும். பள்ளம் இல்லாத நீடிலில் தலைக்கு அடியில் 0.5 மில்லிமீட்டர் வாஷர் ஒன்று போதும்.

முழு ஆக்ஸிலரேட்டரில்தான் இழுவை இல்லை என்றால் மட்டுமே மெயின் ஜெட். ஜெட் எண் 95 என்றால் 97 அல்லது 98 போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எண்ணில் 2 கூடினாலே துளையின் பரப்பு 4 சதவீதம் கூடிவிடுகிறது, நமக்குத் தேவைப்படுவதும் அவ்வளவுதான். “இரண்டு சைஸ் பெரிசா போட்டா பறக்கும்” என்பவர் பேச்சைக் கேட்டால் வண்டி பெட்ரோலைக் குடிக்கும், புகைச் சோதனையிலும் தோற்கும். வேலை முடிந்ததும் புகைச் சான்று எடுக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பாருங்கள். வரம்புக்குள் இருந்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

ஆர்எக்ஸ்100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதை ஒத்திப்போடக் கூடாது. லீன் ஆன டூ-ஸ்ட்ரோக் இழுவை குறைவதோடு நிற்காது. பிஸ்டன் சூடேறி பிடித்துக்கொள்ளும். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டியில் இன்னொரு ஆபத்து: டேங்க்கில் தண்ணீர் புகுந்து எத்தனால் பிரிந்தால், அடியில் தங்கும் திரவத்தில் ஆயிலே இருக்காது. காக் முதலில் இழுப்பது அதைத்தான்.

அறிகுறி: எஃப்ஐ வண்டியில் இழுவைக் குறைவு, இன்ஜின் லைட்

எஃப்ஐயில் ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு டியூன் செய்த வண்டியே ஆனாலும் இ20க்கு அது கூட்ட வேண்டியது 7 சதவீத அளவுதான். பெரும்பாலான ஈசியூக்கள் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிகள்) 20, 25 சதவீதம்வரை கூட்டிச் சமாளிக்கும். ஆகவே இ20 மட்டும் காரணமாக ‘லீன்’ என்று இன்ஜின் லைட் எரிவது அரிது. கார்களில் ‘லீன்’ என்று சொல்லும் பி0171 என்ற கோளாறு எண் வந்தால், ஏற்கெனவே இருந்த கோளாறு ஒன்றின் மேல் எத்தனாலும் சேர்ந்துகொண்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்க, காரின் ஓபிடி (கோளாறு படிக்கும்) சாக்கெட்டில் மாட்டும் புளூடூத் அடாப்டர் ஒன்று போதும். புதிய பைக்குகளில் ஆறு பின் சாக்கெட்டுக்கான கேபிள் தனியாக வேண்டும். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 3 முதல் 8 வரை பிளஸ்: எத்தனால், கவலை வேண்டாம். 12க்கு மேல்: தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்பதையும் அதே எண்கள் சொல்லும். ஐடிலில் அதிகமாக இருந்து 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் காற்றுக் கசிவு: இன்டேக் ரப்பர், வேக்யூம் டியூப். ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் எரிபொருள் போதவில்லை: டேங்க்குக்குள் பம்ப் அடியில் உள்ள வலை அடைப்பு, ஃபில்டர், பலவீனமான பம்ப், அழுக்கான இன்ஜெக்டர். பழைய டேங்க்கில் எத்தனால் கிளப்பும் பிசின் முதலில் வந்து சேர்வது இந்த வலையில்தான். பைக்கில் பம்ப் அழுத்தம் பெரும்பாலும் 2.5 முதல் 3 பார். கேஜ் மாட்டி ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது அழுத்தம் சரிந்தால் வலையைக் கழற்றிப் பாருங்கள். பம்ப் தொகுதி முழுவதையும் மாற்றச் சொல்வதற்கு முன், வலை மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

எண்களெல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் எத்தனாலை விட்டுவிட்டு ஏர் ஃபில்டர், பிளக், கிளட்ச் பக்கம் போங்கள். இ20இல் ஆக்டேன் அதிகம் என்பதால் நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டும் சத்தம்) குறையத்தான் வேண்டும். கூடியிருந்தால் சிலிண்டர் தலையில் கார்பன் படிவு அல்லது லீன் கலவை.

அறிகுறி: மழைக்குப் பிறகு திடீரென நின்றுவிட்டது, ஸ்டார்ட் ஆனாலும் இழுத்து இழுத்து ஓடுகிறது

எத்தனால் தண்ணீரை விரும்பிச் சேர்த்துக்கொள்ளும். சுத்தமான பெட்ரோலில் தண்ணீர் சொட்டாக அடியில் கிடக்கும். கலப்புப் பெட்ரோலில் ஓரளவுவரை கரைந்தே இருக்கும், வண்டியும் ஓடும். இ10 பெட்ரோல் 15 டிகிரியில் அரை சதவீத அளவு தண்ணீரைத் தாங்கும், 10 லிட்டருக்கு 50 மில்லி. இ20 அதைவிட அதிகம் தாங்கும். வரம்பைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அடியில் உள்ளது இன்ஜினில் தீப்பற்றாது. மேலே மிஞ்சிய பெட்ரோலுக்கோ எத்தனால் தந்த ஆக்டேன் போய்விட்டது.

காற்றின் ஈரப்பதமே இதற்குக் காரணம் என்று எழுதுகிறார்கள். தினமும் ஓடும் வண்டியில் அது மிக மெதுவான விஷயம். உண்மையான வழி டேங்க் மூடி. மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சிறு துளை இருக்கும். மழைநீர் அதன் வழியாக ஒரு டியூபில் இறங்கித் தரைக்குப் போக வேண்டும். தூசியும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துவிட்டால் பள்ளத்தில் நீர் தேங்கி மூடி ரப்பரைத் தாண்டி உள்ளே போகும். வாட்டர் வாஷில் பீய்ச்சி அடித்தாலும் இதே கதை.

செய்ய வேண்டியது:

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். காற்றோட்டமான இடம், பக்கத்தில் நெருப்பு, புகை எதுவும் கூடாது. காக் டியூபிலிருந்தோ, டேங்க் அடியில் டியூப் விட்டோ 200 மில்லி அளவு ஒரு தெளிவான கண்ணாடி பாட்டிலில் எடுங்கள். கால் மணி நேரம் ஆடாமல் வையுங்கள். நடுவே கோடு போட்டாற்போல இரண்டு அடுக்கு தெரிந்தால் முடிவு தெரிந்துவிட்டது. கலங்கலாக மட்டும் இருந்தால் விளிம்பில் இருக்கிறது.

அடுக்கு பிரிந்துவிட்டால் புதுப் பெட்ரோலை மேலே ஊற்றிக் கலக்கி ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள். டேங்க்கை முழுசாகக் காலி செய்யுங்கள். 200, 300 மில்லி புதுப் பெட்ரோல் விட்டு அலசி அதையும் வெளியேற்றுங்கள். டேங்க்கைத் திறந்துவைத்து உலர விடுங்கள். கார்ப்பரேட்டர் என்றால் ஃப்ளோட் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடியுங்கள். எஃப்ஐ என்றால் பேட்டரியைத் திரும்ப மாட்டி, சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து பம்ப் வழியாகக் குழாயில் உள்ளதையும் வெளியேற்ற வேண்டும். இன்ஜெக்டர் குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்கத் தெரியாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. வடித்ததைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். பிறகு மெல்லிய கம்பியால் மூடித் துளையைக் குத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; அது கீழே தரையில் சொட்ட வேண்டும்.

பங்க்கில் போட்டுவிட்டு ஒரு கிலோமீட்டருக்குள் நின்றால் சந்தேகம் பங்க்கின் நிலத்தடி டேங்க் மேல். பில்லை வைத்துக்கொண்டு, டேங்க்கில் தண்ணீர் காட்டும் பசை தடவிய கோலை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று அறிய: 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் நிற்க விடுங்கள். அடி அடுக்கு 10லிருந்து 17, 19 மில்லிக்கு ஏறினால் இ10 அளவு. 25க்கு மேல் ஏறினால் இ20 அளவு. இது தோராயம்தான், ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே இருக்கும்.

அறிகுறி: குளிரில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது

சென்னையிலோ மதுரையிலோ இதை எத்தனால் மேல் போட முடியாது. ஊட்டி, கொடைக்கானல் டிசம்பர் காலையில் போடலாம். ஆவியாவதற்கு எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். எஃப்ஐ என்றால் சாவி போட்டு பம்ப் சத்தம் அடங்கும்வரை இரண்டு மூன்று நொடி காத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். கார்ப்பரேட்டர் என்றால் முழு சோக். பேட்டரியும் பிளக் இடைவெளியும் சரியாக இருந்தாலே முக்கால் பங்கு பிரச்சினை தீரும். இரண்டு வாரத்துக்கு மேல் நின்ற கார்ப்பரேட்டர் வண்டியில் கிண்ணத்தை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் இறங்கிய பிறகு உதையுங்கள்.

அறிகுறி: வெயிலில் நிறுத்தி எடுத்தால் திணறல்

கிண்ணத்திலோ டியூபிலோ பெட்ரோல் கொதித்து ஆவி அடைக்கிறது. பத்து நிமிடம் ஆறவிட்டால் சரியாகும். டியூப் சிலிண்டரை உரசிப் போகிறதா பாருங்கள். எஃப்ஐயில் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். கோடையில் ரிசர்வ்வரை ஓட்டாதீர்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று இழுத்து, பிறகு உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. எத்தனாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அறிகுறி: பெட்ரோல் வாடை, கசிவு, கார்ப்பரேட்டர் ஓவர்ஃப்ளோ

பழைய ரப்பர் எத்தனாலில் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். டியூபை நுனியில் கிள்ளிப் பாருங்கள்: பிசுபிசுவென்று மெத்தென்றிருந்தாலும், வளைத்தால் மேலே கோடு கோடாக விரிந்தாலும் மாற்றுங்கள். மஞ்சளாகி விறைத்த கண்ணாடி டியூபையும் தூக்கிப் போடுங்கள். கடையில் எத்தனால் தாங்கும் டியூப் என்று கேளுங்கள். எஃப்ஐக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட உயர் அழுத்த டியூப் மட்டும்தான்; கார்ப்பரேட்டர் டியூபை அங்கே மாட்டினால் பிய்த்துக்கொண்டு போகும்.

ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றியதும் அதன் ஓ-ரிங் ஊதி நீண்டு, பள்ளத்தில் திரும்ப உட்காராமல் துருத்திக்கொண்டு நிற்கும். அதை அமுக்கி மூடினால் கசியும். ஒருநாள் வெளியே உலரவிட்டால் பழைய அளவுக்கு வரும், ஆனால் அது அவசரத்துக்குத்தான். வைட்டான் ரப்பரில் புதியது வாங்கிப் போடுங்கள். ஃப்ளோட் நீடிலின் முனையில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் நீடிலையும் மாற்றுங்கள். ஸ்கூட்டர்களில் வேக்யூமில் திறக்கும் காக்கின் டயாஃப்ரம் ஓட்டையானால் வேக்யூம் டியூப் வழியாகப் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குப் போகும். அந்த டியூபைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் காக்கை மாற்ற வேண்டியதுதான்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தும் வண்டி

உலோக டேங்க் என்றால் நிரப்பி நிறுத்துங்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்க வாய்ப்புக் குறைவு. கார்ப்பரேட்டரில் காக்கை மூடி, தானாக அணையும்வரை ஐடிலில் ஓடவிட்டு, கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். வெளிநாடு போகிறவர்கள் வீட்டில் யாரையாவது வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். அதில் இன்ஜின் சூடாகாமல் ஆயிலில் தண்ணீர்தான் சேரும். ஓட்டுவதானால் 15, 20 நிமிடம் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

எத்தனாலை ‘நீக்கும்’ பாட்டில் மருந்து என்று விற்பதை வாங்காதீர்கள். பாட்டிலில் ஊற்றும் எதுவும் எத்தனாலை நீக்காது, லிட்டருக்குள் இருக்கும் ஆற்றலையும் கூட்டாது. பெட்ரோலைக் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் வேறு. நீண்ட நாள் நிறுத்தும் வண்டிக்கு அது பயன்படும், ஆனால் புதுப் பெட்ரோலில் கலந்து பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டிய பிறகு நிறுத்த வேண்டும். ஏற்கெனவே பிரிந்துபோன பெட்ரோலில் அதை ஊற்றிப் பயனில்லை.